பூல் கேஜ் பராமரிப்பு: எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும்

ஃபுளோரிடாவில் நீச்சல் குளம் உள்ள வீட்டை வாங்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், டைல்ஸைப் பார்ப்பார்கள், மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பார்கள். குளத்தை மூடி வலை போட்டுத் தலைக்கு மேலே நிற்கிற அலுமினியக் கூண்டை, அதாவது பூல் கேஜை, யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சாவி கைக்கு வந்து ஒரு மழைக்காலம் போன பிறகுதான் இந்த வலையை யார் கழுவுவது, கிழிந்தால் யார் மாற்றுவது, இன்சூரன்ஸ் இதற்கும் சேர்த்துத்தானா என்று கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். புதிதாக ஒரு பூல் கேஜுக்குச் சொந்தக்காரர் ஆகியிருப்பவர்களுக்காக, எந்த வரிசையில் யோசித்து முடிவெடுக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

கேஜை ஒரே பொருளாக நினைத்தால் கணக்கு தப்பும். அதில் மூன்று பொருட்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஆயுள் வேறு. வலை என்பது தேய்மானச் சாமான். வெயிலில் காய்ந்து போகும், மாற்றத்தான் வேண்டும். ஸ்குரூக்களும் தரையோடு பிடித்திருக்கும் ஆங்கர்களும் துருப்பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு காற்றில் கூண்டையே சாய்த்துவிடும். அலுமினியச் சட்டம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் நிற்கும். கண்ணில் படுவது வலை என்பதால் எல்லோரும் வலைக்கே செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் பணம் ஸ்குரூவுக்குப் போக வேண்டும்.

முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள்

வீட்டை விற்றவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலான கவுண்டிகளில் கட்டட அனுமதிப் பதிவுகளை இணையத்திலேயே முகவரி போட்டுத் தேடலாம். கேஜுக்கென்று தனியாக பெர்மிட் எடுத்திருந்தால் அதில் வருடம் இருக்கும்.

வருடம் ஏன் முக்கியம் என்றால், மாநிலம் முழுவதற்குமான ஃபுளோரிடா கட்டட விதித் தொகுப்பு 2002 மார்ச் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் விதி வேறு. பிறகு 2004-ல் சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன் என்று ஒரே பருவத்தில் நான்கு புயல்கள் வந்து ஏராளமான கேஜுகளைப் பிய்த்துப் போட்டன. ஆகவே பழைய கேஜ் என்றால், மூலைகளில் பெருக்கல் குறி போல இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளோ குறுக்குத் தாங்கிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அதில் புது வலைக்குப் பெரிய தொகை போடும் முன் லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்துக் கேஜின் சட்டத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

மழை விட்ட மறுநாள் காலை இதற்கு நல்ல நேரம். துருவின் ஒழுக்கு ஈரத்தில் நன்றாகத் தெரியும். முதலில் வெளியே, அப்புறம் உள்ளே.

கால்கள் தரையில் பதிகிற இடத்தில் குனிந்து பாருங்கள். அங்கே மண், காய்ந்த இலை, மரத்தூள் எல்லாம் குவிந்து எப்போதும் ஈரமாகவே கிடக்கும். கையால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் ஆங்கரின் தலை தெரியும். தலை இருக்கிறதா, செதில் செதிலாக உதிர்கிறதா? பெயின்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியமே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும்.

அடுத்து, காலும் மேல் உத்தரமும் சேருகிற மூட்டுகள். வெள்ளைச் சட்டமாக இருந்தால் ஸ்குரூவிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்புக் கோடு வடிந்திருப்பது பளிச்சென்று தெரியும். அடர் பழுப்புச் சட்டத்தில் அது கண்ணுக்கு மறைந்துவிடும். பைனாகுலரோ போன் கேமராவின் ஜூமோ வைத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஏணி வேண்டாம்.

வீட்டுக் கூரையும் கேஜும் சந்திக்கிற இடத்தில் அகலமான அலுமினியக் கால்வாய் ஒன்று ஓடும், சூப்பர் கட்டர் என்பார்கள். கேஜின் ஒரு பக்க பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. கூரைத் தண்ணீரும் அதில்தான் இறங்குகிறது. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து வீட்டின் மரப் பலகையை ஊற வைத்துவிடும். பலகை உளுத்துப்போனால் கேஜின் பிடிமானமும் போயிற்று. கட்டருக்குக் கீழே சுவரில் கறை தெரிந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக வலை. தெற்கு, மேற்குப் பக்கங்களும் கூரையும்தான் அதிக வெயில் வாங்குபவை. அந்தப் பக்கத்தில் கைக்கெட்டும் ஒரு பேனலை (சட்டங்களுக்கு இடையே உள்ள ஒரு வலைக் கட்டம்) விரலால் மெதுவாக அழுத்துங்கள். நல்ல வலை கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். ஆயுள் முடிந்தது என்றால் பழைய அப்பளம் போல விரலடியில் நொறுங்கும், கையில் சாம்பல் நிறப் பொடி ஒட்டும்.

பார்க்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்து போன பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழியில்லை.

கழுவுவது

நிழல் விழுகிற வடக்குப் பக்கத்திலும் மரத்தடியிலும் வலை பச்சை பூக்கும். அது பாசி. ஈரமும், ஒட்டிக்கொண்ட தூசி மகரந்தமும் இருந்தால் போதும், தானாக வளரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கழுவினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஓக் மரங்கள் மஞ்சள் பொடியைக் கொட்டி முடித்த பிறகு, மே கடைசியில் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தூசிக்குத் தோட்டக் குழாய், மென்மையான நீளக்கழிப் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான். பாசிக்கு மட்டும் வீட்டு பிளீச் தேவைப்படும். ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர், சோப்பு கொஞ்சம். சுற்றியுள்ள செடிகளை முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். வெயில் நேரே விழாத பொழுதில், கை பம்ப் தெளிப்பானால் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வழிகிற கோடுகள் கறையாக நிற்கும். சில நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். அப்புறம் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சட்டத்தில் பிளீச் தங்கினால் பெயின்ட் மங்கும் என்பதால் அலசும் தண்ணீரில் சிக்கனம் கூடாது. செடிகளையும் இன்னொரு முறை நனையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளம் உள்ள வீட்டு கராஜில் குளோரினும் குளத்துக்கு ஊற்றுகிற ஆசிட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். துருக்கறை எடுக்கிற மருந்துகள் பலவும் அமிலம்தான், வினிகரும் அமிலம்தான். பிளீச்சோடு இவற்றில் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைச் சுட்டுவிடும். அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் பிளீச் சேரக்கூடாது. ஒரு மருந்தை முழுவதுமாக அலசி முடித்த பிறகுதான், முடிந்தால் வேறொரு நாளில்தான், அடுத்ததை எடுக்க வேண்டும். வாளியும் தெளிப்பானும்கூட மருந்துக்கு ஒன்று.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். பழைய வலையில் அதை நெருக்கிப் பிடித்தால் வலை கிழியும், அல்லது சட்டத்தில் அதைச் செருகியிருக்கும் பள்ளத்திலிருந்து, அதாவது காடியிலிருந்து, பிடுங்கிக்கொண்டு வரும். தரையைக் கழுவ அதை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குத்தான் வேண்டும் என்றால் விசிறி போல விரியும் நாசிலைப் போட்டு, நன்றாகத் தள்ளி நின்று, குறைந்த அழுத்தத்தில். கூலிக்குக் கழுவ வருகிறவர்கள் மருந்தை ஊற வைத்து மெல்லிய அழுத்தத்தில் அலசுகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கூரை வலையைத் தரையில் நின்றபடி நீளக்கழியால் எட்டுகிற வரைக்கும் தேயுங்கள். எட்டாத இடம் அழுக்காகவே இருக்கட்டும், அல்லது ஆள் வரட்டும். கேஜின் உத்தரங்கள் நாம் ஏறி நடப்பதற்காகப் போட்டவை கிடையாது. கீழே ஈரத் தரை, அதற்கப்பால் கான்கிரீட் விளிம்பு. கழுவிய அழுக்கு குளத்தில் விழுந்திருக்கும் என்பதால் அன்று பம்பை ஓடவிட்டு, மறுநாள் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

கீழ்ப் பேனல்களில் வட்ட வட்டமாக ஆரஞ்சுக் கறை இருந்தால் அது பாசியும் இல்லை, ஸ்குரூ துருவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் ஓடுகிற ஸ்பிரிங்க்ளர் அடித்த இரும்புக் கறை. எத்தனை தேய்த்தாலும் அடுத்த வாரம் திரும்ப வரும். ஸ்பிரிங்க்ளரின் தலையைத் திருப்பி விடுவதுதான் வழி.

ஒரு பேனலா, மொத்தமுமா

கிழிசலைப் பார்த்ததும் காரணத்தைத் தேடுங்கள். நாய் பிறாண்டியதோ, புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பு பட்டதோ, கிளை விழுந்ததோ என்றால் அந்தப் பேனலை மட்டும் மாற்றினால் போதும். விரல் சோதனையில் நொறுங்குகிறது என்றால் கதை வேறு. ஒன்றாக மாட்டிய வலை ஒன்றாகத்தான் கிழடு தட்டும். இன்று இது, அடுத்த மாதம் பக்கத்தில் இருப்பது என்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் தனியாகக் கூலி. அந்த நிலையில் ஒரு பக்கம் முழுக்கவோ கேஜ் முழுக்கவோ மாற்றிவிடுவது மலிவு. வெயில் தாக்குதலைப் பொறுத்து ஃபைபர்கிளாஸ் வலை ஏறக்குறைய பத்து வருடம் தாங்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

கிழிந்தது போலத் தெரிவது சில சமயம் கிழிசலே இல்லாமலும் இருக்கும். வலையைக் காடிக்குள் அழுத்திப் பிடித்திருக்கிற ரப்பர் கயிறு, அதாவது ஸ்ப்ளைன், சுருங்கி வெளியே வந்திருக்கும், வலை நன்றாகவே இருக்கும். புது ஸ்ப்ளைன் போட்டு அழுத்தினால் முடிந்தது.

என்ன வலை வாங்குவது? பெரும்பாலான கேஜுகளில் இருப்பது 18×14. ஓர் அங்குலத்தில் ஒரு வாக்கில் 18 இழை, மறு வாக்கில் 14 இழை. கொசுவுக்கு இது போதும். சதுப்பும் மாங்குரோவும் உள்ள பகுதிகளில் சாயங்காலம் கண்ணுக்கே தெரியாத பூச்சி ஒன்று சுரீரென்று கடிக்கும், நோசீயம் என்பார்கள். அது 18×14 கண்ணிக்குள் புகுந்து வந்துவிடும். அதற்கு 20×20 வலை வேண்டும். ஆனால் நெருக்கமான வலையில் காற்றோட்டம் குறையும், அழுக்கு அதிகம் பிடிக்கும், புயலில் அது வாங்குகிற காற்றின் அழுத்தமும் கூடும். உங்கள் சட்டம் எந்த வலைக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டது என்று தெரியாமல் நெருக்க வலைக்கு மாறக்கூடாது. கடி தாங்க முடியவில்லை என்றால் சுவர்களுக்கு மட்டும் 20×20 போடலாமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். கூரைக்கு 18×14 இருந்துவிட்டுப் போகட்டும். நாய் பூனை இருந்தால் கீழ் வரிசைக்கு பாலியஸ்டர் வலை. அதன் இழை தடிமன், நகத்துக்கு அவ்வளவு எளிதில் கிழியாது.

வலையின் நிறமும் வகையும் மாறுவதாக இருந்தால் எச்ஓஏ (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி வேண்டியிருக்கலாம். மாற்றிய பிறகு கடிதம் வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கீழ்ப் பேனலை நாமே மாற்றுவது

இரண்டு காலும் தரையில் இருக்க, கை எட்டுகிற பேனல்: இதுதான் நாமே செய்வதற்கான எல்லை. தண்ணீருக்கு மேலே இருப்பதும் கூரையும் வேண்டவே வேண்டாம்.

பேனலை அளந்து, எல்லாப் பக்கமும் சில அங்குலம் கூடுதலாக வரும்படி வலை வாங்குங்கள். ஸ்ப்ளைன் பல தடிமன்களில் வருகிறது. பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது, ஆனால் பழையது சுருங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்து அளவிலும் ஒரு கட்டு வாங்கி, பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸ்ப்ளைன் ரோலர், புது பிளேடு போட்ட கட்டர், தட்டை ஸ்குரூடிரைவர், கையுறை, நான்கைந்து கிளிப். மொத்தச் சாமானே இவ்வளவுதான்.

பழைய ஸ்ப்ளைனை ஒரு மூலையில் நெம்பி மெதுவாக இழுங்கள். காய்ந்திருந்தால் நீளமாக வராது, துண்டு துண்டாக ஒடியும். பொறுமையாகக் குத்தியெடுக்க வேண்டியதுதான். வலையை எடுத்ததும் காடியைப் பாருங்கள். மணலும் பாசியும் சிலந்திக் கூடும் அடைந்து கிடக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்துத் தண்ணீர் விட்டு அலசிக் காய விடுங்கள். அவசரக்காரர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், அப்புறம் ஒரே மாதத்தில் ஸ்ப்ளைன் பிதுங்கி வந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

புது வலையை மேல் விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். வலையின் இழை ஒன்று மேல் காடிக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். இங்கே கோணல் வந்தால் கடைசி வரை கோணல்தான், பெரும்பாலான சுருக்கங்களுக்கு இதுதான் காரணம். ஸ்ப்ளைனைச் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். மேல் பக்கத்தை முதலில் முடித்து, அப்புறம் இரண்டு பக்கவாட்டு, கடைசியில் கீழ்ப்பக்கம். ரோலரைக் குறுகிய தூரமாக, காடியை விட்டு விலகாமல் அழுத்துங்கள். நழுவினால் வலையைக் கிழிக்கும். வலையை முறுக்கேற இழுக்காதீர்கள். ஸ்ப்ளைன் காடிக்குள் இறங்கும்போதே வலையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும், அந்த இறுக்கம் போதும். கையாலும் இழுத்தால் சட்டம் உள்பக்கமாக வளையும். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்து ஸ்ப்ளைனை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மூலைகளில் ஸ்குரூடிரைவரால் அமுக்கி விடுங்கள். கடைசியில் மிச்ச வலையை வெட்டும்போது கட்டரின் முனை சட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஒரு மணி நேர வேலையை ஒரு நொடியில் கெடுக்கிற இடம் இது.

அதே பேனல் திரும்பத் திரும்பக் கிழிகிறதா? சட்டத்தை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுக் கூழாங்கல் போடுங்கள், புல்வெட்டி அந்தப் பக்கமே வராது.

ஸ்குரூ

பழைய கேஜுகளில் பெயின்ட் பூசிய சாதாரண எஃகு ஸ்குரூதான் இருக்கும். பூச்சு போனதும் துரு ஏறும். தலை போய்விட்ட ஸ்குரூ பார்ப்பதற்கு அங்கேயே இருக்கும், ஆனால் எதையும் பிடித்திருக்காது.

மாற்றும் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்று. ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு மூட்டில் நான்கையும் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது, அந்தச் சட்டத்தில் பாரம் இருக்கிறது. கழற்றியதோடு நீளமும் தடிமனும் ஒப்பிட்டு வாங்குங்கள். துளை தளர்ந்திருந்தால் ஒரு சுற்று தடித்தது. டிரில்லின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அலுமினியம் மெத்து, வேகமாக முறுக்கினால் மரை வழுக்கிவிடும்.

துருப்பிடிக்காத எஃகு வாங்கலாம் என்று தோன்றும், சரிதான். ஆனால் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் பாதுகாப்புப் பூச்சு உள்ளதாகவோ, தலையில் மூடி உள்ளதாகவோ, இந்த வேலைக்கென்றே விற்கப்படுவதைக் கேட்டு வாங்குங்கள். கடலோர வீடுகளுக்கு இதில் சிக்கனம் வேண்டாம்.

தலைக்கு மேலே இருக்கிற மூட்டுகள், சூப்பர் கட்டரில் பிடித்திருப்பவை, கான்கிரீட்டில் இறங்கிய ஆங்கர்கள் ஆகிய மூன்றும் ஆளுக்கான வேலை. ஆங்கர் ஒன்று இற்றுவிட்டால் பழைய துளையிலேயே புதியதை அடித்துப் பயனில்லை. கான்கிரீட் விளிம்பிலிருந்து போதிய தூரம் விட்டுப் புது இடத்தில் துளையிட வேண்டும்.

காலடியில் வேலை செய்யும்போது சட்டத்தோடு பிணைத்த தடித்த செம்புக் கம்பி ஒன்றைப் பார்ப்பீர்கள். வெறும் கம்பிதானே என்று நறுக்கிவிடாதீர்கள். குளத்தின் உள்சுவரிலிருந்து 5 அடிக்குள் இருக்கிற உலோகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும் என்பது மின் விதி. ஈர உடம்போடு சட்டத்தைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்காமல் காப்பது அந்த இணைப்புதான். அறுந்து கிடந்தால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கதவு

குழந்தைகள் குளத்தில் விழுவதைத் தடுக்க 2000-ல் இயற்றிய சட்டம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. குளத்தைச் சுற்றி நான்கடிக்குக் குறையாத தடுப்பு என்பது அந்தச் சட்டம் ஏற்கிற பாதுகாப்புகளில் ஒன்று. பல வீடுகளில் கேஜ்தான் அந்தத் தடுப்பு. தடுப்பில் உள்ள கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், விட்டால் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும், தாழ் சிறு குழந்தைக்கு எட்டாத வகையில் இருக்க வேண்டும். கதவை முழுவதும் திறந்து விட்டுப் பாருங்கள், பாதி திறந்து விட்டுப் பாருங்கள், விரல் அகலத்துக்குத் திறந்து விட்டுப் பாருங்கள். மூன்றில் எதிலாவது தாழ் விழவில்லை என்றால் ஸ்பிரிங் கீலை இறுக்குங்கள், அல்லது புதிது போடுங்கள். கீழ்ப் பேனல் கிழிந்து கிடப்பதும் கதவு திறந்து கிடப்பதும் ஒன்றுதான். அழகுக்காக அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை இது.

பலர் கவனிக்காத ஒன்று: கேஜ் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் தடுக்கும். ஹாலின் கண்ணாடிக் கதவு நேரே கேஜுக்குள் திறப்பதால் சொந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தடுப்பே கிடையாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, காற்று வரட்டும் என்று அந்தக் கதவைத் திறந்து வைப்பார்கள். அந்தக் கதவுக்கு அலாரமும், உயரத்தில் ஒரு தாழும் போடுங்கள். அவர்களிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

ஆளை அழைக்கும்போது

தொழில் லைசென்ஸ்களைக் கவனிக்கும் மாநிலத் துறையான டிபிபிஆரின் இணையத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேட முடியும். கேஜின் சட்டத்தைத் தொடுகிற வேலை எதற்கும் அதைப் பாருங்கள். விபத்துக் காப்பீட்டுச் சான்றையும் கேளுங்கள், உங்கள் குளத்துக்கு மேலே ஏறி நிற்கப் போகிறவர் அவர். வலை மட்டும் மாற்றுவதற்குப் பெரும்பாலும் பெர்மிட் தேவைப்படாது, சட்டத்தை மாற்றிக் கட்டினால் தேவைப்படும். கவுண்டி கட்டட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். 'ரீஸ்க்ரீன்' (வலை மாற்றுதல்) என்று ஒரே வரியில் தொகை போட்டுத் தந்தால் ஒப்பிட முடியாது. எத்தனை பேனல், கூரையும் சேர்த்தா, என்ன வலை, ஸ்ப்ளைன் புதியதா, பழைய வலையை அள்ளிக்கொண்டு போவார்களா, வலைக்கு எத்தனை வருட உத்தரவாதம், வேலைக்கு எத்தனை வருடம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். துருப்பிடித்த ஸ்குரூக்களையும் சேர்த்து மாற்ற என்ன ஆகும் என்று தனி வரியாகக் கேளுங்கள். எப்படியும் மேலே ஏறப் போகிறார்கள், அப்போதே செய்தால் கூலி குறையும்.

முன்பணத்தில் கவனம். ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குகிற ஒப்பந்தக்காரர், பெர்மிட் தேவைப்படும் வேலையானால் 30 நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் வந்த 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முழுத் தொகையையும் முதலிலேயே கேட்பவரை அப்படியே வழியனுப்பி வையுங்கள்.

புயல்

பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மே மாதத்திலேயே இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் புயலால் கேஜுக்கு வரும் சேதம் சேராது, அல்லது ஒரு வரம்போடு சேரும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்ந்தாலும் ஹரிக்கேன் டிடக்டிபிள் வேறு இருக்கிறது. வீட்டுக்கு 4 லட்சம் டாலர் காப்பீடு, டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் பையிலிருந்து போகும். சில பேனல்கள் கிழிந்ததற்கு ஒன்றும் தேறாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டலாமா என்று முடிவெடுங்கள்.

புயல் வரும்போது வலையை வெட்டிவிட்டால் காற்று ஊடே போய்விடும், சட்டம் பிழைக்கும் என்று ஒரு கட்சி உண்டு. வலையோடுதான் வடிவமைத்தோம், வெட்டாதே என்று இன்னொரு கட்சி. உங்கள் கேஜைக் கட்டியவர் இருக்கிறார் என்றால் அவரிடம் கேளுங்கள். பழைய கேஜ், வருவது பெரிய புயல் என்றால் தரையில் நின்றபடி எதிரெதிர்ப் பக்கங்களில் சில கீழ்ப் பேனல்களின் ஸ்ப்ளைனை உருவிவிடுவதில் தவறில்லை என்பது என் எண்ணம். காற்று தொடங்கிய பிறகு கத்தியோடு ஏணியில் ஏறுவது முட்டாள்தனம். கேஜில் வினைல் அல்லது அக்ரிலிக் பலகைகள் போட்டிருந்தால் அவற்றில் ஒட்டியுள்ள அறிவிப்பைப் படியுங்கள். காற்று மணிக்கு 75 மைலைத் தாண்டும் என்றால் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். நாற்காலி, தொட்டி, மிதவை எல்லாம் உள்ளே வரட்டும். குளத்தை மட்டும் காலி செய்யாதீர்கள், நிலத்தடி நீர் ஏறினால் வெற்றுக் குளம் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே கிளம்பும்.

புயலுக்குப் பிறகு கேஜ் சாய்ந்தோ முறுக்கிக்கொண்டோ கிடந்தால் குளத்து மோட்டார், விளக்கு பிரேக்கர்களை அணைத்துவிட்டு, மின்கம்பி எதுவும் சட்டத்தில் விழுந்திருக்கவில்லை என்று தெரியும் வரை அருகில் போகாதீர்கள். தொடும் முன் படம் எடுங்கள். கேஜ் திறந்து கிடக்கும் வரை குளத்துக்குத் தடுப்பு இல்லை; தற்காலிக வேலி ஒன்றை அன்றே கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் தர ஃபுளோரிடாவில் இப்போது ஓராண்டுதான் கெடு. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரை கடந்தபோது போல ஊர் முழுக்கக் கேஜ்கள் விழுந்திருந்தால் ஒப்பந்தக்காரர்களிடம் வரிசை நீளும், கதவைத் தட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களும் வருவார்கள். அவசரநிலை அறிவித்திருக்கும் காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஒப்பந்த வேலை எடுப்பது இந்த மாநிலத்தில் பெருங்குற்றம். எண்ணைக் கேட்டு வாங்கி, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனில் தேடிப் பாருங்கள்.